தீவகத்தில் தொடர்மாடி: மின்தூக்கி வரும்வரை ஒன்பது படிகள்

இந்தக் கைநூல் யாருக்கு? சூரிச்சிலோ ஸ்காபரோவிலோ ஒரு தொடர்மாடியின் பதினோராம் மாடியில் குடியிருந்துகொண்டு, யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், புங்குடுதீவில் பற்றை மூடிக் கிடக்கும் தகப்பன் வழிக் காணியை எண்ணிப் பெருமூச்சு விடுகிறவருக்கு. கொழும்பில் மாடி கட்டி விற்று முடித்துவிட்டு அடுத்த கரையைத் தேடுகிறவருக்கு. எந்தத் தீவுக்குப் போனாலும் "இதை ஒரு சிங்கப்பூராக்கலாம்" என்று சொல்லாமல் திரும்ப முடியாதவருக்கும்தான்.

சொல்வதை ஒழுங்காகக் கேட்டு நடந்தால் ஆறு மாடி, முப்பது வீடு, கீழே கடைகள், முன்னால் அழகான வீதி எல்லாம் உங்கள் கைக்கு வரும். எங்கேயாவது இடறினால் கைநூலைக் குறை சொல்லாதீர்கள். தீவைச் சொல்லுங்கள், அது பழகிவிட்டது.

தேவையானவை

காணி: எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர். உறுதி கையில் இருந்தால் நல்லது.

காசு: மதிப்பீட்டில் வருவதைப்போல ஒன்றரை மடங்கு. சீமெந்து, கம்பி, கல், மணல் எல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி வரவேண்டும். நெடுந்தீவென்றால் அதற்குப் பிறகு கடலும் தாண்டவேண்டும்.

கணினிப் படம்: ஒன்று. அதில் அகன்ற நடைபாதை, மெலிந்த மரங்கள், கோப்பிக் குவளையோடு நடக்கும் இளம் சோடி. ஆடு இருக்கக்கூடாது.

தண்ணீர்: பிறகு பார்க்கலாம்.

படி 1: தடத்தைக் கண்டுபிடியுங்கள்

நகரத் திட்டமிடல் படித்தவர்கள் எல்லாரும் இன்று ஒன்றையே சொல்கிறார்கள். சனம் ஏறி இறங்கும் பொதுப் போக்குவரத்துத் தடம் எதுவோ, அதன் இரு கரையிலும் வீடுகளை நெருக்கிக் கட்டு. தரிப்பிடத்திலிருந்து 400 முதல் 800 மீற்றருக்குள், நடந்து போகிற தூரத்தில் கட்டு. வானத்தை முட்டவும் வேண்டாம், நிலத்தோடு படுக்கவும் வேண்டாம், நடுத்தர உயரம் போதும். கீழே கடை வை, முன்னால் நிழல் வை.

பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இல் பஸ்ஸுக்கென்றே தனித் தடம் திறந்தது. அந்தத் தடத்தின் ஓரங்களில்தான் உயரக் கட்ட ஊக்கம் கொடுத்தது. ரயில் போடக் காசில்லாத நகரம் பஸ்ஸை வைத்தே ஒழுங்காக வளர்ந்தது என்று உலகம் முழுவதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கொழும்பில் வேறு முறை. மாலபேயிலிருந்து கோட்டை வரை இலகு ரயில் ஓடும் என்று 2019 மார்ச்சில் யப்பானோடு கடன் ஒப்பந்தம் ஒப்பமானது. 2020 செப்டம்பரில் அது கைவிடப்பட்டது. ஆகவே ரயில் ஓடினால்தான் ரயிலடி வீட்டுக்கு விளம்பரம் எழுதலாம் என்றில்லை.

தீவகத்தில் தடம் உண்டா? தாராளமாக உண்டு. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776இல் ஏறுங்கள். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான். அங்கே படகு மாறினால் நயினாதீவு. இன்னும் ஒரு மணிநேரம் கடலில் ஆடத் தயாரென்றால் நெடுந்தீவு. மற்றக் கிளை ஊர்காவற்றுறைக்குப் போகும். அங்கிருந்து காரைநகருக்கு மிதவைப் பாதை உண்டு. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகு உண்டு. நாலு பக்கமும் பரவி நகரம் கெட்டுப்போகிறது என்று மற்ற ஊர்த் திட்டக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். இங்கே பரவ வழியில்லை, இரண்டு பக்கமும் கடல். இதைவிடச் சுத்தமான தடம் பாடப்புத்தகத்திலும் கிடையாது.

ஒரேயொரு குறை, பஸ்.

தடம் என்பது தாரோ பாலமோ அல்ல, அடுத்த வண்டி வரும் என்ற நம்பிக்கை. நேரத்தைப் பாராமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து நிற்கிறவன் தடத்தில் குடியிருக்கிறான். முதல் நாளே நாலு பேரிடம் நேரம் விசாரித்து வைக்கிறவன் ஊரில் குடியிருக்கிறான். உங்கள் காணி இதில் எது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. மாலை மங்கியபின் புங்குடுதீவில் ஒரு சந்தியில் போய் நின்று, தேநீர்க்கடையில் கேளுங்கள்.

"கடைசி பஸ் போட்டுதோ, அண்ணை?"

"அது எப்பவோ போட்டுது, தம்பி. நடந்தீரெண்டால் விடியப் போய்ச் சேருவீர்."

இந்தப் பதிலை விளம்பரத்தில் சேர்க்க வேண்டாம்.

படி 2: பெயர் வையுங்கள்

தொடர்மாடிக்கு உள்ளூர்ப் பெயர் விலைபோகாது. நல்லகாலமாக, ஒல்லாந்தர் இந்த வேலையை உங்களுக்காக முன்கூட்டியே செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டு நினைவில் ஒவ்வொரு தீவுக்கும் தங்கள் நாட்டு நகரப் பெயரை வைத்தார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம், அனலைதீவு ரொட்டர்டாம், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லம். நெடுந்தீவு மட்டும் அந்தப் பெயரை இன்னும் விடாமல் டெல்ஃப்ற் என்று வைத்திருக்கிறது.

"ரொட்டர்டாம் நீர்முகப்பு இல்லங்கள்" என்று போட்டால் யார் சந்தேகிப்பார்? அந்த ரொட்டர்டாமில் 1968இலிருந்து மெட்ரோ ஓடுகிறது. இந்த ரொட்டர்டாமுக்கு ஊர்காவற்றுறையில் படகு பிடிக்கவேண்டும், காற்றுக் கூடினால் அதுவும் இல்லை. சிறு எழுத்தில் போடவேண்டிய விஷயம் அது.

படி 3: காணியை ஒன்றாக்குங்கள்

உறுதியை எடுத்துப் பார்த்ததும் ஒன்று விளங்கும். அப்பாவின் காணி என்று நினைத்திருந்தது, அப்பாவும் உடன்பிறந்த ஆறு பேரும் பங்கு பிரிக்காமல் விட்டுப்போன காணி. ஆறு பேரின் பிள்ளைகள் இப்போது பேர்ணிலும் மார்க்கம் நகரிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். 1990க்குப் பிறகு தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்தவர்களில் பலர் திரும்பவில்லை. காணி மட்டும் இடம்பெயரவில்லை. கூரை போன வீட்டுக்குள் வேம்பு வளர்ந்து, சுவரைப் பிளந்து, இப்போது அதுதான் குடியிருக்கிறது.

ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து வைத்த தேசவழமைச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். பங்காளி ஒருவர் தன் பங்கைப் பிறத்தியாருக்கு விற்பதானால் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்கவேண்டும். வாங்கும் முதல் உரிமை அவர்களுக்கு. ஆகவே வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்குங்கள். முதல் மாதம் பழைய படங்கள் வரும். இரண்டாம் மாதம் பழைய கோபங்கள் வரும். மூன்றாம் மாதம் ஸ்காபரோ மாமி குரல்பதிவு அனுப்புவார்: "விக்கிறதெண்டால் நான் கண்ணை மூடினாப் பிறகு வில்லுங்கோ." அவர் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும் என்று எல்லாரும் கைகூப்பும் குறி போடுவார்கள். நீங்களும் போடுங்கள்.

உறுதியில் கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் பாத்தியம் என்று ஒரு வரி வரும். அதைச் சிரித்துத் தள்ளவேண்டாம். படிக்கட்டும் கூரையும் தண்ணீர்த் தாங்கியும் எல்லாருக்கும் பொது என்று 1973ஆம் ஆண்டு 11ஆம் இலக்கத் தொடர்மாடிச் சட்டம் பிரிவு பிரிவாக எழுதுவதை, யாழ்ப்பாணத்து நொத்தாரிசுகள் ஒரே வரியில் எழுதி வந்திருக்கிறார்கள். ஒரு கிணற்றை நாலு வீடு பங்குபோட்டு வாழத் தெரிந்த சனம் ஒரு படிக்கட்டைப் பங்குபோடப் பயப்படாது. ஆனால் அந்தக் கிணற்றுக்கட்டில் தொடங்கிய வழக்குகள் எத்தனை தலைமுறை ஓடின என்றும் விசாரித்துவிட்டு, முகாமைக் குழுத் தலைவர் பதவிக்கு ஆள் தேடுங்கள்.

படி 4: உயரத்தைத் தீர்மானியுங்கள்

ஆறு மாடி என்றால் கிட்டத்தட்ட இருபது மீற்றர். நல்ல பனை முப்பது மீற்றர் வரை வளரும். தீவகத்தின் நடுத்தர உயரத்தைப் பனை எப்போதோ தீர்மானித்துவிட்டது. உங்கள் கட்டடம் பனைக்குக் கீழே நின்றால் கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு ஊர் ஊராகவே தெரியும். இதை அனுமதிப் பத்திரத்தோடு வரும் ஆலோசனை அறிக்கையில் எழுதினால் "சூழலுக்கு இசைவு" என்று ஒரு பந்தி நிரம்பும்.

பனை ஏறுகிறவருக்குத் தளைநார் போதும். ஆறாம் மாடிக்கு ஏறும் ஆச்சிக்கு மின்தூக்கி வேண்டும், மின்தூக்கிக்கு மின்சாரம் வேண்டும். வேலணையிலும் புங்குடுதீவிலும் கம்பி வழியே வரும் மின்சாரம் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் இயந்திரத்தை நம்பிக் காலம் தள்ளியவை. அங்கே சூரியனும் காற்றும் சேர்ந்த மின் திட்டம் ஒன்றை 2021 ஜனவரியில் சீனக் கம்பனி ஒன்றுக்குக் கொடுக்க அமைச்சரவை இணங்கியது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இருந்த இந்தியா முகம் சுளித்தது. 2022 மார்ச்சில் அதே திட்டத்தை இந்தியா நன்கொடையாகச் செய்துதருவதாகக் கைச்சாத்தானது. 2024 மார்ச்சில் இந்தியக் கம்பனி ஒன்றுக்கு வேலை ஒப்படைக்கப்பட்டது. ஆகவே நெடுந்தீவில் ஒரு மின்தூக்கி மூன்றாம் மாடிக்கு ஏறுமா இறங்குமா என்று தெரிய, மின் பொறியியலாளரோடு வெளியுறவு அலுவலர் ஒருவரையும் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் எதை வைப்பது என்றும் இப்போதே யோசியுங்கள். ஒடியல் காயப் பால்கனி போதாது. வலை பொத்த நடைகூடம் நீளம் காணாது. ஆடு படியேறும், இறங்கத்தான் அடம்பிடிக்கும். ஐந்தாம் மாடியில் ஒரு சாவு வீடு நடந்தால் பெட்டி எப்படி இறங்கும், பறை எங்கே நிற்கும், அயலவர் இருக்க எத்தனை கதிரை எங்கே போடுவது? தொடர்மாடி வரைகிறவர்கள் படுக்கையறை எண்ணிக்கையை மட்டும் கேட்பார்கள். நீங்கள் முற்றத்தின் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

படி 5: தண்ணீர், இப்போது பார்க்கலாம்

முப்பது வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 லீற்றர் என்று வைப்போம். மொத்தம் 14,400 லீற்றர். தினமும்.

தீவில் ஆறில்லை. மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு அது உப்பைத் தள்ளிவைத்திருக்கும் என்பது நீரியல் கணக்கு. இந்தக் கணக்கைத் திருப்பியும் படிக்கவேண்டும். மேலே ஓரடியைப் பம்ப் வைத்து இறைத்துவிட்டால், கீழேயிருந்து நாற்பதடி உப்பு ஏறி வரப்பார்க்கும். துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் கை நோவே காவல். இரண்டு குதிரைவலு மோட்டருக்குக் கை நோகாது.

வேலணையில் சாட்டிப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. அங்கிருந்துதான் அயல் தீவுக்கும் தண்ணீர் போகிறது. பவுசர் வரும் நாளில் பிளாஸ்ரிக் கலன்கள் வரிசையில் நிற்கும் ஊர்களில், ஆறாம் மாடியில் மழைபோல் கொட்டும் குளியல் குழாய் போடப்போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. வடமராட்சி கிழக்கிலிருந்து குடாநாட்டைக் கடந்து, பண்ணையைக் கடந்து, குழாயின் கடைசி முனையில் என்ன அழுத்தத்தில் வருகிறதோ அதுதான் உங்களுடையது.

கழிவு பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணக்கல் முழுக்க ஓட்டையும் பிளவும். நிலத்துக்குமேல் எட்டி இருக்கும் மலக்குழியும் கிணறும் நிலத்துக்குக் கீழே அடுத்தடுத்த வீடு. ஒரு காணியில் ஒரு குடும்பம் இருந்தபோதே பொறுமை காத்த நிலம், முப்பது குடும்பத்தைத் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். போடுகிறவரைக் கண்டால் அந்தக் கிணற்றில் அவருக்கு ஒரு குவளை அள்ளிக் கொடுங்கள்.

படி 6: வாகனத் தரிப்பிடமும் கடற்கரையும்

நிலத்தடித் தரிப்பிடம் தோண்டினால் நீச்சல் குளம் இலவசமாகக் கிடைக்கும். அதற்குமேல் இந்தப் பகுதியில் சொல்ல ஒன்றுமில்லை.

கடற்கரை விடயம் கொஞ்சம் நீளம். 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்ட அனுமதி வேண்டும். பெருநிலத்தில் இது இலகு: கடலுக்கு முதுகைக் காட்டி 300 மீற்றர் உள்ளே நடந்தால் தப்பிவிடலாம். ஒடுங்கிய தீவில் ஒரு கடலிலிருந்து பின்வாங்கப் பின்வாங்க மறுபக்கக் கடல் கிட்ட வரும். நயினாதீவில் இரண்டு வலயமும் கைகுலுக்காத இடமாகப் பார்த்து அத்திவாரம் வெட்டுங்கள். அப்படி ஓர் இடம் தேறினால் அதில் ஏற்கெனவே ஒருவர் குடியிருப்பார், அல்லது ஒரு சாமி குடியிருக்கும்.

படி 7: வீதியை அழகாக்குங்கள்

விற்பனைக்கு உதவுவது இந்தப் படிதான், ஆகவே தாராளமாகச் செலவழியுங்கள். பழைய வேலியைப் பிடுங்குங்கள். பூவரசையும் கிளுவையையும் வெட்டுங்கள். இன்ரலொக் கல் பதியுங்கள். மதியத்தில் அதன்மேல் வெறுங்காலோடு நடக்கிறவருக்கு இலவச வைத்தியம். நிழல் தராத அலங்காரப் பனை வகையை வெளியூரிலிருந்து இறக்குங்கள். பனந்தோப்புக்கு நடுவில் பனை இறக்குவது ஒரு துணிச்சல், அதற்கே விருது கிடைக்கக்கூடும். இருக்கைக்குக் கறுப்புக் கருங்கல் போடுங்கள். ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் இதயக் குறியோடு நிறுத்துங்கள்.

இவற்றை நிறுத்த இடம் தேடும்போது பழைய சாமான்கள் சில குறுக்கே வரும். அவற்றை அகற்றும் முன் என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது.

தோள் உயரத்தில் கல்லால் கட்டிய மேடையொன்று வீதியோரம் நிற்கும். அது சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் கைக்குக் கூப்பிடாமல் சுமையைச் சாய்த்து வைத்து, மூச்சு வாங்கி, திரும்பத் தூக்கலாம். பிள்ளை வயிற்றோடு இறந்த பெண்ணின் நினைவாக அதைக் கட்டுவது வழக்கம். பக்கத்தில் நடப்பட்ட கரடுமுரடான கல் ஆவுரஞ்சி. மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள. அருகே கேணி, அந்த மாடு குடிக்க. ஒரு வேம்பு, அதன் கீழ் ஒரு மடம், கோடையில் ஒரு தண்ணீர்ப் பந்தல். வீட்டு வாசலில் கூரை போட்ட சங்கடப்படலை. வீட்டுக்காரரைத் தெரியாத வழிப்போக்கரும் வெயிலுக்கு ஒதுங்கலாம், மழைக்கு ஒதுங்கலாம், அனுமதி கேட்கத் தேவையில்லை.

நெடுந்தீவுக்குப் போனால் இன்னும் பாருங்கள். முருகைக்கல்லைச் சீமெந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள் ஒழுங்கை ஒழுங்கையாக ஓடும். காற்று இடைவெளியால் புகுந்து போகும், மதில் விழாது. விழுந்தாலும் அதே கல்லைத் திரும்ப அடுக்கலாம். அதைப் பார்த்து மயங்கி, உங்கள் முகப்புக்கும் அதே கல் வேண்டுமென்று கேட்டுவிடாதீர்கள். கடலில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். மட்டக்குதிரைகள் வீதியைக் கடக்கும். அவற்றுக்குப் பாதசாரிக் கடவை தெரியாது. 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததையும் அவை வாசிக்கவில்லை.

இந்தச் சாமான் எல்லாவற்றுக்கும் ஒரு பொது அளவு உண்டு: நடந்து வருகிறவன். எவ்வளவு தூரத்தில் அவனுக்குத் தோள் நோகும், எங்கே தாகம் எடுக்கும், எங்கே நிழல் முடியும் என்று யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் வீதி வடிவமைப்பு என்று பணம் கட்டிப் படிப்பதும் அதே கணக்குத்தான். வித்தியாசம் ஒன்று. அவர்கள் வீதியை வீதியில் போகிறவனுக்காகச் செய்தார்கள். நாங்கள் வீதியைப் படம் எடுக்கிறவனுக்காகச் செய்கிறோம்.

ஆகவே கணினிப் படத்தில் சுமைதாங்கியை விட்டுவிடுங்கள், அல்லது அதன்மேல் பூச்சாடி வையுங்கள்.

படி 8: இறங்குதுறையை இணையுங்கள்

பஸ்ஸும் படகும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஓடவேண்டும் என்பது தடத் திட்டமிடலின் அரிச்சுவடி. பஸ் இறங்கினால் படகு காத்திருக்கவேண்டும், படகு இறங்கினால் பஸ். குறிகட்டுவானில் சில நாட்களில் இது நடக்கிறது. மற்ற நாட்களில் பயணிகள் கடலைப் பார்க்கிறார்கள். கடற்காட்சிக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

நெடுந்தீவுக்குக் குமுதினிப் படகு ஓடியது, வடதாரகை ஓடியது, 2017இல் நெடுந்தாரகை வந்தது. இயந்திரம் பழுதென்றால் தீவே பழுது. ஆசிரியர் வரவில்லை, நோயாளி போகவில்லை, மரக்கறி வாடுகிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஊர்காவற்றுறையில் யானையையே கப்பலில் ஏற்றி ஏற்றுமதி செய்தார்கள். யானை ஏற வழி கண்ட கடலில், முழங்கால் நோயுள்ள ஒரு கிழவி இரண்டு படகைத் தாண்டி மூன்றாம் படகின் விளிம்பில் கால் வைத்து, நாலு இளந்தாரிகள் கை கொடுக்க, "மெல்ல, ஆச்சி, மெல்ல" என்ற கூக்குரலோடு இறங்குகிறார். உங்கள் தொடர்மாடியில் சக்கரநாற்காலிக்குச் சாய்தளம் போட்டுவிட்டதாகப் பெருமைப்படும்போது, அந்தச் சக்கரநாற்காலி தீவுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்காதிருக்க வேண்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடலில் ஓரிடத்தில் கைநூலும் கேலியை நிறுத்தவேண்டும். 1985 மே 15ஆம் திகதி குமுதினியில் போய்க்கொண்டிருந்த பயணிகள், குழந்தைகளும் பெண்களுமாக, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் மே 15இல் நெடுந்தீவு மாவிலித்துறையில் விளக்கேற்றுகிறார்கள். துறைமுக அழகுத் திட்டத்தில் அந்த இடத்தை அளவெடுக்க வேண்டாம்.

இனிக் கேலிக்குத் திரும்பலாம், ஆனால் ஒரு நல்ல செய்தியோடு. நயினை நாகபூஷணி அம்மன் திருவிழா நாட்களில் வந்து பாருங்கள். பஸ்ஸுக்குப் பின்னால் பஸ் வரும். படகுக்குப் பின்னால் படகு போகும். அதே தீவின் நாகவிகாரைக்குத் தெற்கிலிருந்து வருகிற யாத்திரிகரும் அதே துறையில் அதே வரிசையில் நிற்பார்கள். அந்த நாட்களில் 776 தடம் உலகத்தில் எந்தத் தடத்துக்கும் குறைந்ததல்ல. ஆகவே முடியாது என்று சொல்ல வழியில்லை. அம்மன் கேட்டால் முடிகிறது. சனம் இருந்தால் பஸ் விடலாம் என்கிறார்கள் அதிகாரிகள். பஸ் இருந்தால் இருக்கலாம் என்கிறது சனம். இந்த வழக்கில் தீர்ப்பு வரும்வரை, மூன்றாந்தரப்பாக, நீங்கள் ஆறு மாடி கட்டுகிறீர்கள்.

படி 9: அடிக்கல் நாட்டுங்கள்

தடம் எதுவும் தேவையில்லாத ஒரே கட்டடம் அடிக்கல். பந்தல், நாதஸ்வரம், குத்துவிளக்கு, ஓர் அமைச்சர் போதும். இதற்கும் உங்கள் அயலில் முன்மாதிரி உண்டு. பண்ணையைத் தாண்டியவுடன் மண்டைதீவில், 2025 செப்டம்பர் 1ஆம் திகதி, சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதியே அடிக்கல் நாட்டினார். 138 ஏக்கரில் விளையாட்டு நகரம், 40,000 பேர் இருந்து பார்க்க இடம். நெடுந்தீவின் முழுச் சனத்தையும் அழைத்து இருத்தினாலும் பத்தில் ஒரு பங்குதான் நிரம்பும். ஈரநிலம் என்னாகும், கண்டல் என்னாகும், கடல்மட்டம் என்னாகும் என்று சூழலியலாளர் கேட்கிறார்கள். இந்தக் கைநூலுக்குச் சின்னக் கேள்வி ஒன்றுதான். ஆட்டம் முடிந்து நாற்பதாயிரம் பேரும் எந்தப் பஸ்ஸில் திரும்புவார்கள்? அந்தப் பஸ்களுக்கு வழி கண்டால், ஆட்டமில்லாத நாளில் அவற்றைச் சும்மா நிறுத்திவைக்காமல் குறிகட்டுவான் வரை ஓடவிடச் சொல்லுங்கள்.

கட்டி முடித்தவர்கள் கேட்கும் கேள்விகள்

*கேள்வி: முப்பது வீடும் விற்றுப்போய்விட்டது, ஆனால் இரவில் இரண்டு வீட்டில்தான் விளக்கு எரிகிறது. ஏன்?*

மற்ற இருபத்தெட்டுப் பேரும் அம்மனின் ஆனித் திருவிழாவுக்கு வருவார்கள். அதுவரை அவர்கள் வாங்கியது வீடல்ல, ஞாபகம்.

*கேள்வி: கீழ்த்தளத்துக் கடைகளுக்கு ஆள் வரவில்லையே?*

கடைக்கு வேண்டியது நடந்துபோகிறவர்கள். நடந்துபோகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கித்தான் வருவார்கள். படி 1ஐத் திரும்பவும் வாசிக்கவும்.

*கேள்வி: ஊர்ச் சனம் ஏன் குடிவரவில்லை?*

அவர்களுக்கு வீடு இருக்கிறது, கிணறும் இருக்கிறது. அவர்கள் கேட்டது இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாழ்ப்பாணம் போக ஒரு வழி.

*கேள்வி: இதே காசில் வேறு என்ன செய்திருக்கலாம்?*

இது கைநூலின் எல்லைக்கு வெளியே. ஆனாலும் சொல்கிறோம். தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் கூரையும் இருக்கையும் தண்ணீரும் போட்டிருக்கலாம். பிற்பகலுக்குப் பிறகு இரண்டு படகுப் பயணத்துக்கு எண்ணெய்ச் செலவை ஏற்றிருக்கலாம். துறையில் ஆச்சி கால் வைக்க ஒரு மிதக்கும் மேடை கட்டியிருக்கலாம். பற்றை மூடிய வீடுகளில் பத்தைத் திருத்தி, ஆசிரியருக்கும் தாதிக்கும் வாடகைக்கு விட்டிருக்கலாம். இதையெல்லாம் செய்து பத்து வருடம் பொறுத்தால், தடத்தோரம் இரண்டு மாடி தானாக எழும்பும், பிறகு மூன்று. அப்போது உங்கள் ஆறு மாடிக்கும் ஒரு நியாயம் கிடைக்கும். ஆனால் மிதக்கும் மேடைக்கு நீர்முகப்பு இல்லம் என்று பெயர் வைக்க முடியாது என்பது உண்மைதான்.

கடைசிக் குறிப்பு: வேலையாட்கள்

இவ்வளவும் வாசித்தபிறகும் கட்டுவதென்று நின்றால், வேலையாட்களைப் பற்றி ஒன்று. நெடுந்தீவில் கட்டினால் மேசனும் கையாளும் பெரும்பாலும் கரையிலிருந்து வரவேண்டும். முதல் படகில் வந்து, கல்லும் கலவையும் ஒழுங்குபண்ணி, கை சூடேறும்போது பொழுது உச்சிக்கு வந்துவிடும். சாப்பிட்டுக் கொஞ்சம் வேலை செய்வார். பிறகு வெயில் எறிக்க எறிக்கவே சாந்தகப்பையைக் கழுவத் தொடங்குவார். சம்பளம் முழு நாளுக்கு, வேலை அரை நாளுக்கு. உங்கள் மதிப்பீட்டில் ஒன்றரை மடங்கு எங்கேயிருந்து வந்தது என்று இப்போது விளங்கும்.

அந்த நேரத்தில் அவரிடம் போய், இந்தத் தீவுக்கு முதலில் என்ன வேண்டும், மேசன் என்று கேட்டுப் பாருங்கள். ஆலோசகர்களின் அறிக்கைகளில் இல்லாத பதில் அவரிடம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல அவர் நிற்கமாட்டார், கடைசிப் படகு வெளிக்கிடப்போகிறது.